அந்தமானுக்குப் போன அட்டைப்பெட்டி மாமா

மனிதர்களையே மடித்துப் பெட்டிக்குள் போட்டு, மேலே டேப் ஒட்டி, அமெரிக்காவுக்கு அனுப்பத் தெரிந்த ஆள் திருப்பூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் அக்காவைக் கட்டியவர் என்பதில் எனக்குப் பெருமை கொஞ்சம், பயம் நிறைய. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் மேனேஜர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் அட்டைப்பெட்டி மாமா.

உலகத்தில் இருக்கிற எந்தப் பொருளும் ஒரு பெட்டிக்குள் அடங்கும், அடங்கவில்லை என்றால் மடித்தவன் சரியில்லை என்பது அவர் கட்சி. இழவு வீட்டுக்குப் போனால்கூட, கொடியில் கோணலாகக் கிடக்கிற துண்டை எடுத்துச் சீராக மடித்து வைத்துவிட்டுத்தான் துக்கம் கேட்பார். ஈரம் மட்டும் அவருக்கு ஆகாது. பெட்டிக்குள் ஈரம் போனால் துணியில் பூஞ்சை பிடித்துவிடும் அல்லவா, அதனால் வீட்டில் பட்டுச்சேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, அப்பள டப்பா என்று எல்லாவற்றிலும் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைப்பார். ஒருமுறை அப்பளத்தோடு அதுவும் எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விட்டது. நல்லவேளை, அது உப்பாததால் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் அக்கா சரசு கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவரோடு சேர்ந்து ஒருநாள் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும். பெரிய ஆசை இல்லைதான். ஆனால் அவருடைய ஷிப்மென்ட்டுகளுக்கு நடுவில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. தேனிலவுக்கு ஊட்டி கிளம்பியவர்கள் மேட்டுப்பாளையத்தில் இருந்தே திரும்பி வந்த கதை எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். பஸ் மாறும்போது மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம், எண்பத்தைந்து சைஸ் பனியன் பெட்டியில் தொண்ணூறு சைஸ் போயிருக்குமோ என்று. திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். அதற்குப் பிறகும் கன்னியாகுமரி இரண்டு தடவை, ராமேஸ்வரம் ஒரு தடவை என்று கிளம்பிய வேகத்திலேயே நின்றுபோயின. அக்கா சண்டை போடவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு தீபாவளி வந்தது. தீபாவளிக்குத் திருப்பூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மதுரை, திருநெல்வேலி ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட, ஒரு வாரத்துக்கு மேல் தையல் மெஷின் சத்தமே இருக்காது. அந்த வாரம் ஷிப்மென்ட் என்று மாமாவே நினைத்தாலும் முடியாது. செல்போனில் பாம்பு விளையாட்டு விளையாடிய காலம் அது. நான் துணிந்து இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

“போலாமுங் மாப்ள. ஆனா பேக்கிங் நாந்தான் பண்ணுவேன்” என்றார்.

பண்ணினார். ஒரு பையில் ஒருவர் துணி என்றுதானே ஊரில் எல்லாரும் வைப்பார்கள்? மாமாவுக்கு அது கேவலம். ஏற்றுமதிப் பெட்டியில் ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் ஒரு கணக்கில் கலந்து வைப்பார்கள், அதற்கு ரேஷியோ பேக்கிங் என்று பெயர். அதே மாதிரி ஒவ்வொரு பையிலும் எல்லாருடைய துணியிலும் ஒவ்வொரு ஜோடி வைத்தார். ஒரு பை தொலைந்தாலும் யாரும் துணியில்லாமல் நிற்கக்கூடாதாம். பையின் மேல் எடை எழுதி, அம்புக்குறி போட்டு, பழக்கதோஷத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்றும் எழுதிவிட்டார். இப்படிக் கலந்தது போக, ஒற்றையாக மிஞ்சுகிற சாமான்களுக்குக் கடைசியாக ஒரு பை. பேலன்ஸ் பெட்டி என்பார். என் மனைவியின் தலைவலித் தைலம், பிள்ளைகளின் பந்து, அக்காவின் புதுச் சுடிதார் எல்லாம் அதில் போயின.

அந்தச் சுடிதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஜென்மத்தில் சேலை தவிர வேறு உடுத்தியதில்லை. கடலில் இறங்கச் சேலை தோதுப்படாது என்று, என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே தைத்து வாங்கிய நீலச் சுடிதார். மாமா அதை மடிக்கும்போது அதன் கையில் ஒரு நூல் பிசிறைப் பார்த்து, கத்தரி எடுத்து வெட்டிவிட்டுத்தான் உள்ளே வைத்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சென்னை விமான நிலையத்தில் பையைத் தராசில் வைத்தார்கள். அவர் எழுதியிருந்த எடையும் தராசு காட்டியதும் ஒன்றாக இருந்தன. மாமா திரும்பி எங்களைப் பார்த்த பார்வையில், விமானத்தையே அவர்தான் ஓட்டப்போகிறார் என்று தோன்றியது. ஆனால் போர்ட் பிளேர் லாட்ஜில் எங்களுக்குக் கிடைத்த அறைகள் ஒன்று கீழ்த்தளம், ஒன்று மாடி. பைகளும் இரண்டாகப் பிரிந்ததில், எல்லார் துணியிலும் பாதி கீழே, பாதி மேலே. விடிந்தால் இரண்டு குடும்பமும் துண்டைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தோம். லாட்ஜ்காரர் எங்களைப் பார்த்து ஏதோ பிரார்த்தனை என்றே நினைத்திருப்பார்.

மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவுக்குப் படகு. அங்கேதான் இறங்கிக் குளிக்கிற மாதிரி கடல். ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் மதியம் வருகிற படகில் திரும்பிவிட வேண்டும். படகுத்துறையில் பைகளை ஏற்றும் பொறுப்பை மாமா யாரிடமும் விடவில்லை. எது முதலில், எது அடுத்து என்று வரிசை வைத்து ஏற்றினார். போய் இறங்கி, பைகளை மணலில் வைத்துப் பார்த்தவர் முகம் வெளிறிப்போனது. பேலன்ஸ் பெட்டியைக் காணோம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நடந்தது என்னவென்றால், கம்பெனியில் லாரி ஏற்றும்போது பேலன்ஸ் பெட்டியை ஓரமாக எடுத்துவைத்துக் கடைசியாக ஏற்றுவார்கள். அந்தப் புத்தியில் போர்ட் பிளேர் படகுத்துறையிலும் ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார். லாரி காத்திருக்கும், படகு காத்திருக்குமா?

கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொண்டு, ரேஷியோ பேக்கிங் செய்ததால்தான் எல்லாருக்கும் துணி இருக்கிறது பார்த்தீர்களா என்று பெருமை பேச ஆரம்பித்தார். உண்மைதான், ஆளுக்கொரு ஜோடிக்குக் குறையாமல் இருந்தது. அக்கா மட்டும் ஒரு தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் மாமாவுக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்று உறைத்தது.

நம்மைப் போன்ற ஆள் என்றால் மன்னிப்புக் கேட்போம். மாமா கேட்கவில்லை. வந்த படகு ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும், அதிலேயே போய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நாளைப் படகில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாமா, நாளைக்கு நீங்கள் பையோடு இறங்கும்போது நாங்கள் ஊருக்குத் திரும்ப அதே படகில் ஏற நிற்போம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். காதிலேயே விழவில்லை. ஒரு பெட்டி குறைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எத்தனை வருஷத்து வியாதி அது.

அக்கா எழுந்து வந்தாள். சத்தம் போடவில்லை.

“ஏனுங்க, எனக்கு அந்தத் துணி வேண்டாமுங்க. துணிக்காகவா நான் இத்தன வருசமாக் கேட்டேன்? நீங்க கூட வரோணும்னுதான கேட்டேன். இப்ப அந்தப் படகுல ஏறுனீங்கன்னா, இனி உங்களை ஒண்ணுமே கேக்க மாட்டேனுங்க.”

அவ்வளவுதான். திரும்பி நடந்து, தண்ணீர் வந்து தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படகு ஒருமுறை சங்கு ஊதியது. மாமா படகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படகைப் பார்த்தார். மேட்டுப்பாளையத்தில் இருந்தே திரும்பிய மனுஷன் ஆயிற்றே. இரண்டாவது சங்கும் ஊதியது. படகு நகர ஆரம்பித்ததும் மாமா ஒரு பெருமூச்சு விட்டார்.

“போவுட்டும் உடுங்க மாப்ள. ஒரு பெட்டி கொறஞ்சாலும் இந்த லோடை அனுப்பிப் போடலாமுங்க” என்றார் என்னிடம்.

சொல்லிவிட்டு நேராக நடந்தார். செருப்பைக் கழற்றவில்லை, பேண்டை மடிக்கவில்லை, சட்டைப் பையில் இருந்த செல்போனையும் எடுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட துணியோடு இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். மாமாவுக்கு நீச்சல் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. வந்த முதல் அலை இரண்டு பேரையும் உருட்டித் தள்ளியது. நான் பதறி ஓடுவதற்குள் இருமிக்கொண்டே எழுந்து நின்றார்கள். மாமாவின் மூக்கில் தண்ணீர் வழிந்தது, அக்கா அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது சின்ன வயதில்தான்.

“பயமா இருக்குதுங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமா சரசு. கையை உட்ராத.”

பிள்ளைகளும் என் மனைவியும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் துணிமணிகளுக்குக் காவலாகக் கரையில் நின்றேன். பொழுது சாயும்வரை அந்த மனுஷன் கரைக்கே வரவில்லை, அக்காவின் கையையும் விடவில்லை. அக்காவை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று, அவளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் எனக்கு மனசு நிறைந்தது.