பனியன் மூட்டைக்குள் வெந்த சோறு

முதலிபாளையம்,
புதன்கிழமை

குன்னத்தூரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் பூபாலன் அவர்களுக்கு, சண்முகவேல் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கேஸ் அடுப்பும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டம்மா தங்கச்சி வேலாத்தாளும், மூன்று நாளாகக் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி சித்ரகலாவும் சுகமாக இருக்க அவிநாசியப்பரை வேண்டுகிறேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் போனையும் உங்கள் தங்கை சித்ரகலாதான் எடுக்கிறாள். எப்படியாவது அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்க வேண்டும்.

நடந்ததை என் வாயாலும் கேளுங்கள். முப்பது வருஷம் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன் நான். அங்கே நீராவிக் குழாய்க்கெல்லாம் சூடு வெளியே போகாமல் கனமாகச் சுற்றியிருப்போம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், நம் சோற்றுக் குண்டா மட்டும் அம்மணமாக நிற்கிறது. அதற்கும் ஒரு சட்டை போட்டால் கேஸ் மிச்சமாகுமே என்று தோன்றியது. தோன்றினால் விடுவேனா? பக்கத்துப் பனியன் கம்பெனியில் வெட்டி மிச்சமான துணியை ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். சோறு பத்து நிமிஷம் கொதித்ததும் மூடியை இறுக்கிக் கட்டி, குண்டாவை அந்தத் துணிக்கு நடுவே புதைத்தேன். ஒரு மணி நேரத்தில், அடுப்பே எரியாமல், சோறு பூவாக வெந்திருந்தது. சித்ரகலாவே தின்று பார்த்து, "பரவால்லீங்க, மூளை வேலை செய்யுதுங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் தேவிப்பிரியாவின் மாமனாரும் மாமியாரும், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சாப்பிட வந்தார்கள். அரிசிம்பருப்பு சாதத்தைக் கொதிக்கவைத்து மூட்டைக்குள் இறக்கினேன். "சம்பந்தி வர்ற நேரத்துல ஊட்டுக்குள்ள கந்தல் மூட்டை எதுக்குங்க?" என்று சித்ரகலா அதைத் தூக்கி வெளிச்சுவர் ஓரம் வைத்தாள். பக்கத்துக் கம்பெனியின் வேஸ்ட் மூட்டைகள் நிற்கிற இடம் அது. வேஸ்ட் எடுக்க வந்த முனீஸ் நம் மூட்டையையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இலை போட்டு, பொரியல் வைத்த பிறகுதான் சோறு இல்லை என்று தெரிந்தது. முனீஸின் வேஸ்ட் குடோனுக்கு மொபெட்டில் பறந்தேன். குடோனில் முனீஸ் மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே, துணி சுடுது? தீப்பிடிச்சிருமோன்னு பயந்துட்டேன்ல!" என்றான். பிரித்தோம். மச்சான், ரெண்டு மணி நேரம் கழித்தும் ஆவி முகத்தில் அடித்தது! உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் இன்னும் எவ்வளவு நேரம் சூடு நிற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் நகர முடியவில்லை. மறுபடி கட்டிவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சூடு சரியா என்று கேட்க முனீஸுக்கும், துணி பிரிக்கிற நாலு பெண்களுக்கும் ஆளுக்கொரு கை கொடுத்தேன். அவர்கள் ஒரு கையோடு நிறுத்தவில்லை. வெறுங்குண்டாவோடு வீட்டுக்கு வந்தால், சம்பந்தி பேக்கரி பன்னைப் பொரியலோடு தின்றுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சித்ரகலா பையைக் கட்டியிருந்தாள். "நீங்க அந்த மூட்டைகூடவே குடும்பம் நடத்துங்க" என்றாள்.

தப்பு என்னுடையதுதான் மச்சான். அவள் இல்லாத வீட்டில் சோறு வெந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன? மூட்டையை முனீஸிடமே கொடுத்துவிட்டேன். இனி அடுப்பு நாள் முழுக்க எரிந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்குப் போய் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் தோட்டமும் கிணறும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சண்முகவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தங்கச்சி வேலாத்தாள் போன் செய்தாள். நேற்று முதல் உங்கள் இலவம்பஞ்சு மெத்தையைக் காணாமல் தேடுகிறீர்களாமே? அது சமையலறையில் இருக்கிறதாம். அதற்குள் கொள்ளு வேகிறதாம். வைத்தது சித்ரகலாவாம்! ஆகவே அவளை அனுப்ப வேண்டாம், இந்தக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். நான் வந்து பார்க்கும்வரை மெத்தையை யாரும் பிரிக்கக் கூடாது என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.