அன்னக்கூடையில் இங்கிலீஷ் வகுப்பு

பள்ளிக்கரணையில் இருக்கும் மரியாதைக்குரிய யாசீன் மச்சானுக்கு, தாம்பரம் மார்க்கெட் பாத்திரக்கடையிலிருந்து ஜாபர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொன்னால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை குல்ஷன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

குல்ஷனை ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில் போனில் பேசும் வேலைக்குக் குரல் தேர்வு. கிடைக்க வேண்டும் என்று நானும்தான் துஆ கேட்கிறேன். ஆனால் இரண்டு சொல்லை ஒட்டவைத்த வர்ணனை வார்த்தைகளைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டில் அழுத்தமோ அங்கே ஓங்கித் தட்டிப் பழக வேண்டுமாம். உதாரணத்துக்கு என்னையே எடுத்துக்கொண்டாள். 'மை ஹஸ்பண்ட் இஸ் ஓல்டு-ஃபேஷன்டு' என்றால் ஃபேஷனில் அடி. 'ஓல்டு-ஃபேஷன்டு ஹஸ்பண்ட்' என்றால் ஓல்டில் அடி. அதே நான், அதே வார்த்தை, அடி மட்டும் ஏன் இடம் மாறுகிறது என்று கேட்டேன். "பின்னாடி ஒரு வார்த்தை வந்து நின்னா அழுத்தம் முன்னாடி போயிடுங்க, அவ்ளோதான்" என்கிறாள். எனக்குத் தலை சுற்றுகிறது மச்சான்.

தட்டுவதற்கு மேசையா இல்லை? விற்பனைக்கு வைத்த அலுமினிய அன்னக்கூடையில் கரண்டியால் தட்டுகிறாள். வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தைத் தட்டி, சத்தம் ஒரே சீராக இருந்தால்தான் காசை எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நேற்று மீன் விற்கும் எல்லம்மா அக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இன்னாண்ணா, ஒரே சாமான் ஒரு தபா கணீர்னுது, ஒரு தபா மொத்துனுது. எங்கியோ விரிசல் வுட்டுகினு கீது" என்றார். சாமான் நல்லாத்தான் இருக்கு, இங்கிலீஷ்தான் அப்படி என்றேன். "இங்கிலீஷ் சாமான் நமக்கு இன்னாத்துக்குண்ணா, நம்மூரு சாமான் காட்டு" என்றார். பின்னால் நின்றவர்களும் எடுத்ததை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். பழுதான சரக்கு விற்கிறேன் என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. இப்போது நானே நல்ல பாத்திரத்தைத் தட்டினாலும் விரிசல் மாதிரிதான் கேட்கிறது.

ஆகவே தேர்வு முடியும் வரை அவளை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக உடனே வாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
குழப்பத்தில் இருக்கும்
ஜாபர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கம்பெனியிலிருந்து போன். வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் குல்ஷனுக்குத் தேர்வைப் போனிலேயே அப்போதே வைத்துவிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது மச்சான், எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கள் முதல் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாளாம். கல்யாணமான நாளிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளை அழைத்துப்போக வர வேண்டாம். எனக்குத் துணைக்கு வாருங்கள்.