முப்பத்தெட்டு மீட்டர்

குளக்கரைத் தெரு, 17
2002 ஜூன் 23, ஞாயிறு

அன்புள்ள ஸ்தெஃபாவுக்கு,

நேபிள்ஸ் எந்தத் திசை என்று தேசப்படத்தில் பார்த்து, அந்தப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உன் பனாஸ் எழுதுவது. நான் நலம். மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். வீடு சுத்தமாக இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் இன்னமும் ஒரு நாளைக்கு நான்கு தடவை உன்னை மாடி ஏறி இறங்க வைக்கிறாரா?

உன் கடிதத்தை இத்தாலி மினிபஸ் டிரைவர் வியாழக்கிழமை கொடுத்தார். வீட்டுக்குக் கேஸ் லைன் வந்தது உறுதியென்றால் ஆகஸ்டில் வேலையை விட்டு வந்துவிடுவதாகவும், இல்லையென்றால் நிலக்கரி வாளி தூக்க இனி உன் காலுக்குத் தெம்பில்லை, இன்னொரு குளிர்காலம் அங்கேயே இருந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். ஸ்தெஃபா, மாவட்டப் பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்ததில் நான் மூன்று முறைதான் திருத்தம் போட்டிருக்கிறேன். இது நான்காவது. மார்ச் 24 தேதியிட்ட என் கடிதத்தில் கேஸ் வந்துவிட்டது என்று எழுதியது தவறு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தேர்தலுக்காக ஜனாதிபதி ஆதரவுக் கட்சிகள் ஐந்தும் கூட்டணி சேர்ந்து, நம் கலாசார மாளிகையில் ஓர் அறை பிடித்தார்கள். ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்தார்கள். ஆறாவது ஒன்றைப் பொதுவில் வாங்கினார்கள், வேட்பாளர் வந்தால் உட்கார. அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சாவியும் என்னிடம். நம் தெருவுக்குக் கேஸ் லைன் போடுவதென்று முடிவாகி, அதையும் பங்கு பிரித்தார்கள். ஒரு கட்சி குழாய், ஒரு கட்சி குழாயைத் தாங்கும் கம்பம், ஒன்று வெல்டிங், ஒன்று மஞ்சள் பெயின்ட், ஐந்தாவது வால்வும் கையெழுத்தும். வேலை நன்றாகத்தான் நடந்தது. பெயின்ட் கட்சிதான் அவசரப்பட்டது. குழாய் வருவதற்கு முன்பே நம் வீட்டு வாசல் வரை வெறும் கம்பங்களுக்கு மஞ்சள் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

24ஆம் தேதி திறப்பு விழா. கேஸ் வந்தால் தெருமுனையில் அந்தக் கேஸிலேயே தீப்பந்தம் கொளுத்துவார்களே, உன் தங்கை ஊரில் உன் சால்வை ஓரம் கருகியதே, அதே மாதிரி. காலையில் கூட்டணி அமைப்பாளர் தெமீத் நம் வீட்டுக்கு வந்தார். "பனாஸ் லூகிச், உங்க சமையல்கட்டு சிலிண்டரைக் கொஞ்சம் குடுங்க. விருந்தாளிங்களுக்கு டீ போடணும்" என்றார். கொடுத்தேன். கூட்டணி அறையில் மின்சாரக் கெட்டில் இருக்கிறது, தினமும் காலையில் அதில் தண்ணீர் நிரப்பியவனே நான்தான். ஆனாலும் எதற்கு சிலிண்டர் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பதினொன்றரைக்குப் பந்தம் எரிந்தது. இரண்டு மீட்டர் உயரத் தீ. பேண்டு வாத்தியம், கைத்தட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ வரப்போகிறாய் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை. அன்று மாலையே உனக்கு எழுதிப் போட்டேன். பிறகு டீ போட அடுப்பைத் திருகினால் சிலிண்டர் காலி. விருந்தாளிகள் நிறைய டீ குடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பராஸ்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். நம் மகளுக்கு ஞானத்தாய், அதனால் எனக்குக் கூமா என்ற உரிமையில் அவள் பேசுவதற்குக் கேட்பாரே கிடையாது.

"ஏன் கூமே, நேத்து உன் சிலிண்டர் புதர்ல ஒக்காந்திருந்ததே, பாத்தியா?"

"எந்தப் புதர்ல?"

"பந்தத்துக்குப் பின்னால. ரப்பர் டியூபு மாட்டி. ஊரே பாத்துச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கல. இதுல பேப்பர்ல வேற எழுதின ஆளு!"

"லைன் வரத்தான் போகுது, கூமா."

"வரும், வரும். என் வாசல் வரைக்கும் வந்துருச்சே. உனக்கு இன்னும் முப்பத்தெட்டு மீட்டர்தான்."

நான் இரண்டு முறை அளந்தேன். முப்பத்தெட்டேதான்.

தேர்தல் முடிந்தது. இந்த மாதம் கீவில் கூட்டணி துண்டு துண்டாகப் பிரிந்தது. செய்தி வந்த மறுநாளே ஐந்து பேரும் வந்து அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய் தெமீதின் கட்சிப் பங்கு என்பதால் முதலில் அவரைத் தேடிப் போனேன்.

"அண்ணே, குழாய் எங்க கொட்டகையில கெடக்கு. நாளைக்கே தரேன். ஆனா வெல்டிங்காரன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றார்.

வெல்டிங்காரரிடம் போனேன். "மொதல்ல குழாய் வரட்டும். அந்தாள் வாசல்ல போய் நான் நிக்கணுமா? கூட்டணி இருந்தப்பவே நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல" என்றார்.

ஆக, குழாயும் இருக்கிறது, வெல்டிங்காரரும் இருக்கிறார், இடைவெளி முப்பத்தெட்டு மீட்டர். நம் வாசலில் மஞ்சள் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவரைக்கொடி ஏற்றியிருக்கிறேன், நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஆகையால் ஸ்தெஃபா, யோசித்துத்தான் சொல்கிறேன், நீ ஆகஸ்டில் வர வேண்டாம். உன் காலுக்கு அங்கே வெயில் நல்லது. கேஸ் வந்ததும், இந்த முறை சொந்த அடுப்பில் எரிவதைப் பார்த்த பிறகு, எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பராஸ்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கடவுள் உன் முழங்கால்களைக் காக்கட்டும், அந்த அம்மாளுக்கு உன் அருமையைத் தெரிவிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பனாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். ஐந்தாவது திருத்தம். மேலே சூடாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தது தவறு. நன்றாகத் தூங்குகிறேன் என்பதும் தவறு. ஒரு குறையும் இல்லை என்பது நான் எழுதியதிலேயே பெரிய தவறு. அந்த ஆறாவது நாற்காலி, பொதுவில் வாங்கியதல்லவா, யார் கொண்டுபோவது என்று சண்டை தீராமல் என்னிடமே விட்டுவிட்டார்கள். இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மெத்தை வைத்தது, முழங்காலுக்கு இதமான உயரம். எழுதி முடித்ததும் அதை நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். நிலக்கரி வாளி எனக்கு, சாம்பல் வாளியும் எனக்கு. நாற்காலி உனக்கு. வந்துவிடு.