மேற்படியார் கூடையில் போடுவதில்லை

பொறுத்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இனி யாருக்கும் பயப்படுவதாக இல்லை. என் பெயர் வேங்கடேசன். விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறேன். பதினாலு வருஷமாக எங்கள் ஊர் கூடைப்பந்து டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தி வருகிறேன். அந்தத் தொண்டைக்கு அவர்கள் செய்த மரியாதை, திண்டிவனத்தில் போய் எழுபத்தொன்றுக்கு முப்பத்தெட்டு என்று தோற்றது.

தோற்றதற்கு எனக்குக் கோபமில்லை. தோற்ற விதத்துக்குத்தான் கோபம். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் ஒருத்தனும் எகிறுவதில்லை. நாம் எடுத்தால் அடுத்தவன் கோபித்துக்கொள்வானோ என்று ஐந்து பேரும் மரியாதையாக நிற்கிறார்கள். எதிராளி ஓடுகிறான்; இவர்கள் ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் மாதிரி பின்னால் நடக்கிறார்கள். கோச் டைம் அவுட் எடுத்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். கேப்டன் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான். கேப்டன் பெயர் வல்லரசு. பெயரில் மட்டும்தான். உழைப்பும் இல்லை, கவனமும் இல்லை.

இதை நான் கோர்ட்டிலேயே நின்று சத்தமாகச் சொன்னேன். இந்த ஆள் இனிமேல் வந்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்று வல்லரசு கூடைப்பந்துக் கழகச் செயலாளர் ஜெகதீசனிடம் போய் நின்றான். இப்போது மட்டும் ஆடுகிறீர்களா என்று நானும் கேட்டேன். ஜெகதீசன் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வளவனூரோடு மேட்ச். அதற்கு முன்னால் கூட்டம். அதில் நான் புகாரை எழுத்தில் கொண்டுவந்து படிக்க வேண்டும். நியாயம் இருந்தால் கேப்டனை மாற்றுவார்கள். இல்லையென்றால் இந்த சீசன் முழுக்க நான் கோர்ட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

கோர்ட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு என்றால் வீடு. வீடு என்றால் கலைமதி. கலைமதி என்றால் மொட்டைமாடித் தொட்டி, ஒட்டடை, ஆறு வருஷமாகத் தீராத மேல்மலையனூர் வேண்டுதல். எல்லாவற்றுக்கும் ‘மேட்ச் இருக்கு’ என்ற ஒரே பதிலில் தப்பித்து வந்தவன் நான்.

கலைமதி என் மனைவி. கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கிரயமோ தானமோ பாகப்பிரிவினையோ, அவள் எழுதினால் வக்கீலுக்கே ஓட்டை கிடைக்காது. என் கையெழுத்தோ எனக்கே புரியாது. தலையெழுத்தும் அப்படித்தான். ஆகவே என் குறிப்பு நோட்டை அவளிடமே கொடுத்தேன்.

“எம்மாம் பக்கம் எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க,” என்றாள் புரட்டிக்கொண்டே. “வூட்டு கரண்ட் பில்லு தேதி தெரியாது. அந்தப் புள்ள எந்த நிமிஷத்துல மூக்கு சொறிஞ்சான்னு தெரியுது.”

“அதுக்குப் பேருதான் கவனம். நறுக்குன்னு எழுதிக் குடு. ஆளு தப்பிக்கக் கூடாது.”

“பேரு போடட்டுமா?”

“வேணாம். படிக்கப் படிக்க அவனுக்கே உறைக்கணும்.”

“அப்ப மேற்படியார்னு போட்டுக்கிறேன். யாருன்னு கடைசில சொல்லிக்கலாம்.”

இரண்டு நாள் கழித்து அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். நான் போனில் பழைய மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நீ எழுதினதை நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டுக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. பாராட்டியதால் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாற்பது பேர் கூடியிருந்தார்கள். கலைமதியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கோர்ட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தான் எழுதியதை நான் எப்படிப் படிக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். தாளைக் கையில் கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“மேற்படியார், வேலை தன் பக்கம் வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்பவர்.”

கைதட்டினார்கள்.

“அவசரத்துக்குக் கூப்பிட்டால் போனைப் பார்த்தபடியே ஊம் கொட்டுபவர்.”

வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

“மூன்றடி தூரத்தில் இருக்கும் கூடையில் இருபத்தொரு வருடமாக ஒருமுறையும் சரியாகப் போட்டதில்லை.”

ஜெகதீசன் குறுக்கிட்டார். “வல்லரசுக்கே இருபத்திமூணு வயசுதானப்பா ஆவுது.”

“ரெண்டு வயசுலேர்ந்தே அப்படித்தான்,” என்றேன். பின்வாங்குகிற ஆள் நானில்லை. அடுத்த வரியை இன்னும் சத்தமாகப் படித்தேன்.

“அழுக்குச் சட்டை, லுங்கி, ஈரத்துண்டு யாவும் தரையிலேயே கிடக்கும்.”

கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் ஏதோ உதைத்தது. ஆனால் வாய் அதற்குள் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது.

“மேற்படியார் என்பது கீழே கையொப்பமிட்டுள்ள வேங்கடேசனாகிய என்னையே குறிக்கும். ஆகவே இன்று முதல் என் ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தையும் என் மனைவி கலைமதி சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள, யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதோடு எழுதிக் கொடுத்தேன். சாட்சி, வல்லரசு.”

அவனும் தினம் திண்டிவனம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். படிச்சுப் பாத்துட்டுத்தான கையெழுத்து போட்டீங்க?”

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்றால், கவனம் கவனம் என்று பதினாலு வருஷம் கத்திய மானம் போகும். ஆமாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகும். நான் மானஸ்தன். ஜெகதீசன் என்ன தீர்ப்பு வேண்டுமானாலும் சொல்லட்டும், ஊரே சிரிக்கட்டும், எனக்கென்ன.

“ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் போட்டேன்,” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

மேட்ச் ஆரம்பிக்க விசில் ஊதினார்கள். நான் என் வழக்கமான இடத்தைப் பார்த்து நடந்தேன். கலைமதி குறுக்கே வந்து, தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதாங்க. கெளம்புங்க.”