உருகாது, ஆனால் கரையும்

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்று கனகா ஆர்டர் பாரத்தைத் திருப்பித் தள்ளினாள்.

விருத்தாசலத்தில் அந்தச் சின்னப் பீங்கான் யூனிட்டின் முதலாளி ஆதிநாராயணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நர்சரிப் பிள்ளைகள் ஜூஸ் குடிக்கப் பத்தாயிரம் கப்பு. ஆர்டர் கொடுக்கும் சண்முகப்ரியா சென்னையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருகிறார். பாரத்தில் ஒரே ஒரு கேள்வி பாக்கி: 'பூச்சில் உள்ள ஈயம் கரையுமா?'

கப்பின் பளபளப்புக்குப் பூச்சு கலக்குபவள் கனகா. செராமிக் டிப்ளமோ படித்தவள். அவள் கையெழுத்து இல்லாமல் பாரம் செல்லாது.

"ஏம்மா, தொள்ளாயிரம் டிகிரி சூளையில வெந்து வந்த கப்பு. ஜூஸுல உருகிப் போயிடுமா?"

"உருகாதுங்க. கரையும்."

"ரெண்டும் ஒண்ணுதான!"

"எப்படிங்க ஒண்ணாவும்? உப்ப வாணல்ல போட்டு வறுங்க, உருகுதா? அதையே தண்ணியில போட்டா காணாமப் போவுது. சூட்டுல எளகுறது வேற, தண்ணியில கலந்து போறது வேற. நம்ம பூச்சுல இருக்குற ஈயம் புளிப்புல கரையும்."

ஆதிநாராயணன் நிரூபித்தே தீருவது என்று கேஸ் அடுப்பை வரவழைத்தார். கப்பை நெருப்பின் மேல் வைத்தார். பத்தாவது நிமிடம் 'டப்'பென்று அது இரண்டாகப் பிளந்தது.

"பாத்தியா? ஒடஞ்சுதே தவிர உருகுச்சா?" என்றார் வெற்றியோடு.

கனகா இன்னொரு கப்பை எடுத்து வந்தாள். முந்தின நாள் எலுமிச்சம்பழச் சாறு ஊற்றி வைத்தது. உள்பக்கம் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்துக் கிடந்தது.

அவர் அதில் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்தார். "இப்ப பாரு, கண்ணாடியாட்டம் இருக்குது."

"எண்ணெயோடயா புள்ளைங்களுக்கு ஜூஸ் ஊத்துவாங்க?"

கடைசியில் அவர் ஒயிட்னரை எடுத்தார். பாரத்தில் 'கரையுமா' என்பதை அழித்து 'உருகுமா' என்று எழுதி நீட்டினார். கனகா உடனே வாங்கி, 'உருகாது. ஆனால் கரையும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கேட்ட கையெழுத்து, கேட்காத வாக்கியத்தோடு கிடைத்துவிட்டது. ஒயிட்னரும் தீர்ந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத!"

"வரலீங்க. ஆனா இன்னிக்கு அஞ்சரை மணி வரைக்கும் பூச்சுக்கு நான்தான் பொறுப்பு. எழுதுனத மாத்த மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கனகாவுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அவள் வீட்டில் நிலையாக வரும் சம்பளம் அது ஒன்றுதான். ஆனாலும் நாலு வயதுக் குழந்தை வாயில் வைக்கும் கப்பு. அவள் நகரவில்லை.

சண்முகப்ரியா வந்து பாரத்தைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், படிச்ச பொண்ணு, தானும் கொழம்பி எங்களையும் கொழப்புது" என்று ஆதிநாராயணன் சிரித்தார். "இந்த உருகறது, கரையறது எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நமக்கு அனுபவம்தான். பத்து வருஷமா நாங்க எல்லாருமே இந்தக் கப்புலதான் குடிக்கிறோம். இப்ப நீங்களே பாருங்க. மாரியம்மா! மூணு லெமன் டீ!"

யூனிட்டைக் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கும் மாரியம்மாள் தட்டோடு வந்தாள். சண்முகப்ரியாவிடம் ஒரு கப்பு, கனகாவிடம் ஒரு கப்பு. முதலாளி முன்னால் எவர்சில்வர் டம்ளரை வைத்தாள்.

"எனக்கு எதுக்கு டம்ளரு? கப்புலயே கொடு!" என்று அவர் பல்லைக் கடித்தார்.

மாரியம்மாள் திகைத்துப் போனாள்.

"என்னங்க மொதலாளி, 'நம்ம கப்புல எலுமிச்ச ஊத்துனா ஈயம் கரையும், எனக்கு மட்டும் டம்ளர்ல கொடு'ன்னு நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே நீங்கதான சொன்னீங்க?"