கைராசி டாக்டரும் மேஜை டிராயரும்

மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டார் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, மேஜை டிராயரைத் திறந்து, எதையோ மடித்து, பல் காட்ட வந்திருந்த தையல்காரர் கையில் திணித்தாள். தையல்காரர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கிளினிக் திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் டாக்டர். "ஓடலேன்னா சொல்லுங்க மாப்பிள்ளை, நம்ம பெயிண்ட் கடையில கல்லாவுக்கு ஆள் இல்லாம திண்டாடுறேன்" என்று மாமனார் விடாமல் போன் செய்வார். இப்போதுதான் கைராசிக்காரர் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் அளவுக்குப் பெஞ்சு நிறைய ஆள் உட்காருகிறது. இந்த நேரத்தில் டிராயருக்குள் என்ன திருட்டுத்தனம்?

தையல்காரரை முதலில் உள்ளே கூப்பிட்டார்.

"எந்தப் பல்லு?"

"நீங்களே பாத்து ஏதாவது ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

சந்தேகம் இரட்டிப்பானது. வெளியே பேசுவதைக் கேட்கலாம் என்று அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். அது இன்னும் வினையாகப் போயிற்று.

"அக்கா, கப்பல் கிளம்பிடுச்சா?" என்று மருந்துக்கடைக்காரரின் குரல் கேட்டது.

"கிளம்பிடுச்சு."

"போலீஸ்?"

"பின்னாடியேதான் வருது. மீதி நாளைக்கு. போய் உக்காருங்க."

வலது கடைவாயில் வைக்க வேண்டிய பஞ்சை டாக்டர் இடது பக்கம் வைத்து அமுக்கினார். தையல்காரர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கடத்தல்! பல்லைக் காட்டிக் கடத்தல்! கிளினிக்குக்குச் சீல் வைத்துவிடுவார்கள். டாக்டரின் மூக்கில் இப்போதே பெயிண்ட் வாசனை ஏறியது.

"நீ நோயாளி மாதிரி போய் உக்காரு. அந்த டிராயர்ல என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வா" என்று மனைவியை அனுப்பினார்.

போனாள், வந்தாள். "ஒண்ணுமில்லீங்க. அந்த அக்கா தங்கமான பொம்பளை" என்றாள், முகத்தைப் பார்க்காமல். மறுநாள் அவளே "லேசா பல் வலி" என்று கிளம்பினாள். அதற்கு மறுநாளும் கிளம்பினாள். கட்டின பெண்டாட்டியையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்களே என்று டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

இனிப் பொறுப்பதில்லை என்று, பெஞ்சு நிரம்பியதும் பாய்ந்து வந்து டிராயரை இழுத்தார். உள்ளே பழுப்பேறிய காகிதங்கள், சிறு சிறு கட்டுகளாகக் குண்டூசி குத்திக் கிடந்தன. ஒன்றை உருவிப் படித்தார். முகம் சிவந்தது.

பணக்காரர் ஒருவர் பந்தயம் கட்டி, குறித்த நாளுக்குள் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பும் பழைய நாவல். அந்தப் பதிப்பு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைத்திருந்தாள் அக்கா.

"இதுக்கா இத்தனை குசுகுசு? நான் உள்ள உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீங்க என் ஏசியில உக்காந்து ஓசிக்கதை படிக்கிறீங்களா?"

மனைவி அவசரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது. "இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்துலயே படிச்சவன். கேட்டுக்கங்க! போலீஸ்காரன் தப்பான ஆளைத் துரத்திக்கிட்டு இருக்கான். அந்த மனுஷன் கடைசி நிமிஷத்துல வந்து சேர்ந்து பந்தயத்துல ஜெயிச்சுடுவாரு. அவ்வளவுதான் கதை. போதுமா?"

பெஞ்சு மொத்தமும் "ச்சே" என்றது. தையல்காரர் எழுந்தார். மருந்துக்கடைக்காரர் டாக்டரை முறைத்துக்கொண்டே எழுந்தார். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். மனைவியும் போய்விட்டாள்.

டாக்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார். கடத்தலும் இல்லை, சீலும் இல்லை.

"ஒழிஞ்சுது தொல்லை. அக்கா, இனிமே நெஜமா பல் வலி இருக்கிறவங்களை மட்டும் உள்ள அனுப்புங்க."

அக்கா டிராயரை மெல்ல மூடினாள்.

"பல் வலின்னு சொல்லி ஃபீஸ் கட்டினாத்தான் அடுத்த அத்தியாயம்னு நான் வெச்சிருந்தேன் டாக்டர், நெஜமான பல் வலியோட இந்தப் படியேறி இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததே இல்ல."