லன்சானாவா, யார் அது?

"லன்சானா தம்பி! மொட்டைமாடி வழியா அடுத்த வீட்டுக்குத் தாவிடு! உன்னைத் தேடி சர்க்கார் ஆள் வந்திருக்கான்!"

மளிகைக் கடை ஹாஜி பூஷைப் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க ஹாஜி?"

"அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல கிடையாதுன்னு சாதிச்சுட்டேன்!" ஹாஜியின் முகத்தில் அப்படியொரு பெருமை.

லன்சானா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கினி நாட்டிலிருந்து மொராக்கோவின் காசாபிளாங்காவுக்கு வந்து செல்போன் ரிப்பேர் செய்து பிழைப்பவன். நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும். அதற்கு, அவன் ஐந்து வருடமாக இங்கேதான் குடியிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டும். அதை விசாரிக்கத்தான் அந்த அதிகாரி வந்திருந்தார்.

"ஐயோ, நான் இங்கே இருக்கேன்னு சொல்லணும் ஹாஜி!"

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

ஹாஜி ஓடினார். போன வேகத்தில் திரும்பினார்.

"சரி பண்ணிட்டேன். இருந்தான், ஊருக்குப் போய் ரொம்ப வருஷமாச்சுன்னு சொல்லிட்டேன்."

"போயிட்டேனா? ஏன்?"

"ஒரேயடியா மாத்திச் சொன்னா என்னைப் பொய்யன்னு நினைப்பானே!"

லன்சானா தெருவுக்கு ஓடினான். அங்கே வீட்டுக்காரம்மா லல்லா ஸஹ்ராவை அதிகாரி மடக்கியிருந்தார்.

"மாடி ரூம்ல யாரும்மா இருக்கா?"

"கோழி."

"கோழிக்கு எதுக்கு டிவி டிஷ்?"

"அதுங்களுக்கும் பொழுது போக வேண்டாமா?"

இதற்கு மேல் லன்சானாவால் தாங்க முடியவில்லை. நேரே போய் அதிகாரி முன் நின்றான்.

"ஐயா, நான்தான் லன்சானா! அந்த ரூம்லதான் இருக்கேன்!"

எதிர்க்கடையிலிருந்து சோப்பு நுரை வழியும் கையோடு பாய்ந்து வந்தார் முடிதிருத்தும் தாவூதி. அவன் வாயைப் பொத்தினார்.

"இவன் என் மச்சான் ஐயா. தலையில அடிபட்டதுலேருந்து கண்ட பேரையும் தன் பேருன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"மாத்திரை போட்டியா கண்ணு?" என்று லல்லா ஸஹ்ரா வேறு உருகினாள்.

லன்சானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"என் பொண்ணைப் பார்க்கவிடாம பண்ணிட்டீங்களே, பாவிங்களா! இந்த அனுமதிக்காகத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன்!"

பின்னாலேயே ஓடி வந்திருந்த ஹாஜியும் சேர்ந்து மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

அதிகாரி பேனாவை மூடினார். லன்சானாவின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குச் சாதகமாத்தான் எழுதப்போறேன், அழாதே. இத்தனை பேர் உன்னை ஒளிக்கப் பாக்கறாங்கன்னா நீ இங்கேதான் குடியிருக்கே. என்னைத் தேடி எந்தக் கடன்காரன் வந்தாலும் என் தெருக்காரனுங்க கையைப் பிடிச்சு வீட்டு வாசல்வரைக்கும் கொண்டாந்து விடுவானுங்க. இங்கே எனக்கும் ஒரு ரூம் பாத்துக் குடேன்!"